மூளைப் புற்றுநோய் எதனால் வருகிறது? செல்போனா, டவரா, மணலிப் புகையா?

அண்ணனுக்கு மூளையில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது, வீடு வடசென்னையில் தொழிற்சாலைகள் நிறைந்த மணலியில், எதிர்மாடியில் செல்போன் டவர், அவரோ நாள் முழுக்க போனில் பேசுகிறவர், இதில் எது காரணம், பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: மூளையிலேயே தொடங்கும் புற்றுநோயில் பெரும்பாலானவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று எந்த டாக்டராலும் காட்ட முடியாது. அவர் செய்த எதுவும் இதைக் கொண்டுவந்தது என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் அண்ணிக்கு கிளையோமா என்ற மூளைக் கட்டி வந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதது, டை அடித்தது, தலைமாட்டில் போன் வைத்துத் தூங்கியது. ஆபரேஷன் முடிந்த தலையோடு அதையெல்லாம் அவர் கேட்டபடி படுத்திருந்தார். அந்தக் கோபத்தில்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

உறுதியாக நிரூபணமானது கதிர்வீச்சு, அதிலும் எக்ஸ்ரே போன்ற வலுவான கதிர். 1950களில் இஸ்ரேலில் தலையில் படை வந்த பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே கொடுத்து சிகிச்சை செய்தார்கள். பல வருடம் கழித்து அவர்களில் மூளைக் கட்டி மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. இதற்காக டாக்டர் எழுதிய சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். தேவையில்லாமல் பிள்ளைகளுக்கு அடிக்கடி எடுக்காமல் இருந்தால் போதும்.

செல்போன் அலை அந்த வகையல்ல. டிஎன்ஏவை உடைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 2பி பிரிவில், அதாவது 'ஒருவேளை இருக்கலாம்' என்ற வரிசையில் வைத்தது உண்மை. அதே வரிசையில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. பிறகு உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு 2024இல் வந்தது; போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. டவரைப் பொறுத்தவரை, 2012 முதல் இந்தியாவில் அதன் அலை அளவுக்கான வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான்.

மணலிப் புகைக்கு வருகிறேன். வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே முகமை 2013இல் அறிவித்தது. மூளையில் தொடங்கும் புற்றுநோய்க்கு அப்படி நிரூபணம் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது: மூளையில் காணப்படும் புற்றுநோய் பலருக்கு வேறு உறுப்பிலிருந்து பரவி வந்தது, அதில் நுரையீரலும் மார்பகமும் முன்னால் நிற்கின்றன. ஆகவே உங்கள் அண்ணனுக்குத் தொடங்கிய இடம் மூளைதானா என்று முதலில் கேளுங்கள். மருந்தே அதைப் பொறுத்து மாறும். புகையை எதிர்த்து நாம் குரல் கொடுக்க நுரையீரலும் இதயமுமே போதுமான காரணம், மூளையை இழுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு? நியூரோஃபைப்ரோமடோசிஸ், லி-ஃப்ராமேனி போன்ற அரிய பரம்பரைக் கோளாறுகள் உள்ள குடும்பங்களில் வரும் வாய்ப்பு அதிகம். மற்றபடி பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. தொற்றவே தொற்றாது. பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்காரட்டும், அவர் தட்டிலேயே சாப்பிடட்டும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஸ்கேனில் 'கட்டி' என்று வந்தாலே அது புற்றுநோய்தான் என்று ஆகிவிடாது. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் நாடாப்புழு முட்டையால் வரும் கட்டியும் சகஜம், பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும். பெரியவர்களுக்குத் திடீரென முதல்முறை வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், புதிதாக மாறிய சுபாவம், இவை வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியிலும் மூளை நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு பயாப்ஸி, அதாவது கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை, முடிந்திருந்தால் கட்டியின் பெயரையும் கிரேடையும் (எவ்வளவு தீவிரம் என்பதை) எழுதி வாங்குங்கள். வேறொரு டாக்டரிடம் காட்ட நினைத்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. கட்டியின் துண்டை வைத்த கண்ணாடி ஸ்லைடு, அந்தத் துண்டைப் பதித்த மெழுகு பிளாக், எம்ஆர்ஐ படம் பதிந்த சிடி தட்டு மூன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.