முடி இருக்கட்டும், கீறலைச் சொல்லுங்கள்

எட்டு மாதப் பாப்பா இருக்கும் வீட்டில் பூனையால் என்னென்ன வருமோ என்று பயந்து, பூனைமுடி, ஆஸ்துமா, தூங்கும் குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிவிடும் என்று மாமியார் சொன்னது என ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: நாலு நாளைக்கு முன் பூனை பாப்பாவின் கையைப் பிறாண்டியது, லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தேன், பெரியவனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பில் மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன். இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்!

இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பூனைக் கீறலுக்கும் அதே நாய்க்கடி ஊசிதான், இலவசமாகவே போடுவார்கள். ரத்தம் வந்த கீறல் வெறிநோய்க் (ரேபிஸ்) கணக்கில் மூன்றாம் வகை, அதாவது ஆபத்து அதிகமான வகை. அதனால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப்பொருள்) போட வேண்டும். தடுப்பூசியைத் தோலுக்குள் போட்டால், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். தசையில் என்றால் 14ஆம் நாளும் சேரும். எட்டு மாதக் குழந்தைக்குப் போடலாமா என்று கேட்காதீர்கள், போட்டே ஆக வேண்டும். நாலு நாள் கடந்துவிட்டதே என்றும் விட்டுவிடாதீர்கள். நோய் வந்துவிட்டால் எங்களிடம் மருந்து கிடையாது.

'வீட்டுப் பூனைதானே' என்கிறீர்கள். இரவில் மொட்டை மாடியில் அது எந்தப் பூனையோடு சண்டை போட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? பத்து நாள் அதைக் கவனியுங்கள், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டு. இனி ஒரு கீறல் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம். அந்த மிச்ச சிரப் வைரஸை ஒன்றும் செய்யாது, குப்பையில் போடுங்கள். இன்னும் மூன்று வாரத்துக்குள் அக்குளில் நெறி கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். முடி வயிற்றுக்குள் போனால் ஒன்றும் ஆகாது. ஒவ்வாமை பூனையின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருந்து வருவது. பாப்பாவுக்கு இளைப்பு இருந்தால் பேசலாம், இல்லாத இளைப்புக்கு இணையத்தில் தேட வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வருவது, முடியில் அல்ல. மண்பெட்டியைக் குழந்தைக்கு எட்டாமல் வைத்தால் போதும். மூச்சை உறிஞ்சுவது கட்டுக்கதை. ஆனால் கதகதப்புக்காகத் தூளிக்குள் ஏறி முகத்தருகே சுருண்டுகொள்ளும், அது ஆபத்து. பாப்பா தூங்கும் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

பூனையை எங்காவது விட்டுவிடுவதா என்பதுதானே உங்கள் மனதில் இருக்கும் கேள்வி? வேண்டாம். பூனை பெரும்பாலும் குழந்தையைத் தேடிப் போய்ப் பிறாண்டாது. வாலைப் பிடித்து இழுத்து, ஓட வழியில்லாதபோதுதான் நகம் வெளியே வரும். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள் என்கிறீர்கள். அப்படியானால் பூனை ஏறி உட்கார அலமாரி மேல் ஓரிடம் விடுங்கள். இருவரையும் தனியாக விடாதீர்கள். காது பின்னால் மடங்கி, வால் தரையில் பட்பட்டென்று அடித்தால் பாப்பாவைத் தூக்குங்கள், பூனையை அல்ல. அந்த நேரத்தில் பூனையைத் தூக்கப் போய்த்தான் பல அம்மாக்களும் கையில் கீறலோடு என்னிடம் வருகிறார்கள்.