கம்பியை விட்டால் தள்ளாடுகிறாள்: பேலன்ஸ் போர்டு வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது, சில வருடங்களாக பாலே கற்கிறாள். சுவரோரம் இருக்கும் பார் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரெலவேயில், அதாவது முன்பாதத்தில் எழுந்தால், அசையாமல் நிற்கிறாள். கம்பியை விட்டு சென்டருக்கு, அதாவது அறையின் நடுவுக்கு, வந்ததும் ஆடிப்போகிறாள். பேலன்ஸ் போர்டு, அதாவது ஏறி நின்று சமநிலை பழகும் ஆடும் பலகை, வாங்கச் சொல்கிறார்கள். விரல் நுனியில் நிற்பதற்கான கெட்டி முனை வைத்த பாயின்ட் ஷூ போட்டால் தானாகச் சரியாகும் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். அவள் கம்பியில் சாய்ந்து நிற்கிறாள், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ரெலவேயில் நிற்கும்போது கையைக் கம்பியிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு நகர்ந்தாலோ தோள் கம்பிப் பக்கம் சரிந்தாலோ, எடை காலில் இல்லை, கையில் இருக்கிறது. 1890இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலேயில் இளவரசி அரோரா ஒற்றைக்கால் முனையில் நின்றபடி நான்கு இளவரசர்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விடுவாள். கையை விடுவதற்கு முன்பே அவள் தன் காலின் மேல் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் நிற்காது.

ஆகவே இனி கம்பியில் விரல்நுனி மட்டும் படட்டும், கட்டைவிரலால் சுற்றிப் பிடிக்க வேண்டாம். வீட்டில் வெறுங்காலில், பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும், ஆனால் தொடாமல், இரண்டு காலிலும் நான்கு எண்ணி எழுந்து, நான்கு எண்ணும்வரை நின்று, நான்கு எண்ணி இறங்கட்டும். இறங்குவதைத்தான் கவனியுங்கள்: குதிகால் தொப்பென்று விழுந்தால் இன்னும் பலம் வரவில்லை. மேலே நிற்கும்போது எடை பெருவிரல், அடுத்த விரல் பக்கம் இருக்க வேண்டும், சுண்டுவிரல் பக்கம் போனால் கணுக்கால் பிசகும். விரல்கள் மடங்கித் தரையைக் கவ்வினால் நீட்டச் சொல்லுங்கள். இது நிலைத்த பிறகுதான் ஒற்றைக்கால். அதையும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிச் செய்யட்டும், ஏனென்றால் கண்ணாடியைப் பார்த்தே நிற்கப் பழகிய பிள்ளை மேடையில் அது இல்லாமல் திணறும். அப்புறம் பாதத்தை முழுதாக ஊன்றி, கண்ணை மூடி ஒற்றைக்காலில்.

ஒரு விலக்கு உண்டு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். 12 வயது என்பது பல பெண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் காலம். போன வருடப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா? அப்படியானால் நேற்றுவரை வந்த பேலன்ஸ் இன்று வராமல் போகலாம். கால் நீண்டுவிட்டது, நீண்ட காலை ஆளப் பழகச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் திட்டாதீர்கள், பயிற்சி நேரத்தைக் கூட்டாதீர்கள், ‘சோம்பேறி’ என்று வகுப்பில் யாராவது சொன்னால் தட்டிக் கேளுங்கள். உயரம் நின்றதும் பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். கிரேடு தேர்வும் ஆண்டு விழாவும் நெருங்கினால் வகுப்பில் பாதிக்கு மேல் கம்பியிலேயே ஓடிவிடுகிறது, சென்டரில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அவசர அவசரமாக ஒரு பத்து நிமிடம். பிறகு பேலன்ஸ் வரவில்லை என்று பெற்றோரிடமே போர்டு விற்கிறார்கள்! வாங்கச் சொல்பவருக்குக் கடையில் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள்.

பாயின்ட் ஷூ இன்னும் மோசம். அதன் முனை மிகச் சிறியது, முன்பாதத்தில் ஆடுகிற கால் அதன் மேல் இன்னும் ஆடும், வளர்கிற எலும்பு வேறு. ‘ஒருமுறைதான் போட்டது’ என்று பாதி விலைக்குத் தருகிறார்களே, அது இன்னொருத்தியின் பாதத்துக்கு வளைந்த ஷூ, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கம்பி இல்லாமல் ஒற்றைக்காலில் மெதுவாக எழுந்து இறங்க முடிகிறதா என்று ஆசிரியர் அவள் வெறும் பாதத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அதன் பிறகு கடைக்குப் போகலாம்.