தெம்பனிஸில் ஏன் லூயி விட்டான் கடை இல்லை? நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

சிங்கப்பூரில் கடைத்தொகுதிகளுக்குக் கடைக்காரர்களைப் பிடித்துக் கொடுத்து, வாடகை பேசி முடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ்வாசி: அண்ணே, எங்க வட்டாரத்தில் தெம்பனிஸ் மால், செஞ்சுரி ஸ்குவேர், தெம்பனிஸ் ஒன் என்று மூன்று கடைத்தொகுதி இருக்கு. சுற்றிலும் கூட்டுரிமை வீடுகள் (தனியார் அடுக்குமாடிகள்). ஆனால் லூயி விட்டான், கூச்சி மாதிரி விலை உயர்ந்த பைக்கடை ஒன்றுகூட இல்லை. எங்களிடம் காசு இல்லை என்று நினைக்கிறார்களா?

அப்படி இல்லை தம்பி. உங்கள் பணப்பையைவிட, பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். பெரிய பிராண்டுக்குத் தன் தரத்தில் உள்ள இன்னொரு பிராண்டு பக்கத்தில் வேண்டும். சாலையைப் பார்த்தபடி இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு முகப்பு வேண்டும். ஆர்ச்சர்ட் சாலையில் 2009-இல் திறந்த ஐயன் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதியின் முன்பக்கத்தைப் பாருங்கள், புரியும். மரினா பே சேண்ட்ஸில் லூயி விட்டானுக்குத் தண்ணீர் மேலேயே தனிக் கட்டடம் இருக்கிறது. சுற்றுப்பயணிகள் வந்து குவியும் இடங்கள் இவை. தீவும் சின்னது. தெம்பனிஸ்காரர் ரயில் ஏறி ஆர்ச்சர்டுக்கு வந்துவிடுவார் என்று பிராண்டுக்குத் தெரியும். அப்புறம் எதற்கு அங்கே இன்னொரு கடை?

கட்டட உரிமையாளர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பொதுவாக வாடகை ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்குப் போடுவோம். அடிப்படை வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் சேரும். அதனால் நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். ரயிலில் இருந்து இறங்கி பேருந்துக்குப் போகிறவர் வழியில் கோழிப்பொரியல் வாங்குகிறார், மருந்துக்கடையில் நுழைகிறார், ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் கீரை எடுக்கிறார். அடித்தளத்தில் கைக்குட்டை அளவு இடத்தில் ஓடும் பலகாரக் கடை, சதுர அடிக்கு மேல்மாடித் துணிக்கடையைவிட எவ்வளவோ அதிக வாடகை கொடுக்கும். மாலை முழுக்கப் பத்துப் பேர் மட்டும் வந்து போகும் பைக்கடையால் பக்கத்துக் கடைகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் ஆகியவற்றை வட்டார மையங்களாக்க 1991-இல் திட்டம் போட்டதே, வேலையும் கடையும் வீட்டுப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்றுதான். அந்த நோக்கம் நன்றாகவே நிறைவேறியிருக்கிறது.

வீடு தேடுபவர், பொங்கோல்: அப்படியானால் கடைகளை வைத்து ஒரு வட்டாரத்தின் வசதியைக் கணக்குப் போட முடியாதா?

முடியாது. புக்கிட் தீமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தீவிலேயே வசதியான குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் ஒன்று. அங்கே இருக்கும் பியூட்டி வேர்ல்ட் சென்டர் பழைய கட்டடம். நான்காவது மாடியில் உணவங்காடி, மற்ற மாடிகளில் துணைப்பாட நிலையங்களும் சின்னச் சின்னக் கடைகளும். பங்களாவில் இருப்பவரும் அங்கேதான் மீன்சூப் குடிக்கிறார்.

இங்கே நூற்றுக்குக் கிட்டத்தட்ட எண்பது பேர் வீவக (அரசு கட்டும் அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். ஈரறை வாடகை வீடும் ஐந்தறை வீடும் எக்சிகியூட்டிவ் கூட்டுரிமை வீடும் ஒரே பேட்டையில் வரும். 2024-இல் வேலைக்குப் போகிறவர் உள்ள குடும்பங்களின் இடைநிலை மாதச் சம்பள வருமானம் 11,297 வெள்ளி. அதற்கு மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே மின்தூக்கியில்தான் ஏறுகிறார்கள்.

வசதியை ஓரளவு ஊகிக்க வேண்டுமானால் பேரங்காடியின் அலமாரிகளைப் பாருங்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டைக்கு எவ்வளவு இடம், பாலாடைக்கட்டிக்கும் பெர்ரி பழங்களுக்கும் எவ்வளவு இடம் என்று கவனியுங்கள். துணைப்பாட நிலையங்களையும் எண்ணுங்கள். புறநகர்க் குடும்பங்களின் காசு அங்கேதான் போகிறது.

செங்காங் தங்கை: ஆர்ச்சர்டில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் வெளிநாட்டவர்களா?

நிறையப் பேர் அப்படித்தான். இந்தோனேசியா, சீனாவில் இருந்து குடும்பத்தோடு வருவார்கள். ஆனால் வீவக வீட்டில் இருந்து வந்து, போனஸ் பணத்தில் ஒரே ஒரு பை வாங்கிப் போகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்கு ஆடம்பரம் என்றால் இன்னும் தங்கம்தான். தெம்பனிஸ்காரரானாலும் ஈசூன்காரரானாலும் 916 நகை (22 காரட் தங்கம்) எடுக்க லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்குத்தான் வருகிறார். செய்கூலி பேசலாம், பழைய நகையை மாற்றலாம், அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். இதில் எதையும் தோல் பையை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

ஒரு தாய், ஈசூன்: மகளுக்குப் பத்தொன்பது வயது. தோழிகள் வைத்திருக்கிறார்கள் என்று தவணையில் பை கேட்கிறாள்.

அக்கா, தயவுசெய்து தவணைக்குச் சம்மதிக்காதீர்கள். முதல் வேலைக்குப் போகும் முன்பே கடனோடு பழகுவது ரொம்ப ஆபத்து. 2023 ஜனவரியில் இங்கே நடந்ததை அவளிடம் சொல்லுங்கள். அப்பா வாங்கித் தந்த, சாதாரண விலையுள்ள உள்ளூர் பிராண்டான சார்ல்ஸ் அண்ட் கீத் பையை ஆடம்பரப் பொருள் என்று சொல்லி, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி காணொளி போட்டாள். சிலர் கேலி செய்தார்கள். தன் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று அவள் அமைதியாக விளக்கினாள். ஊரே அவள் பக்கம் நின்றது. அந்த நிறுவனமே அவளையும் அப்பாவையும் அழைத்து விருந்து வைத்தது. கேலி செய்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஜூரோங் வாசகர்: மாமா மதுரையில் இருந்து வருகிறார். என் பையை அவர் பேரில் வாங்கி வரியைத் திரும்பப் பெறலாமா?

கூடாது. பொருளை வாங்கும் சுற்றுப்பயணியே அதை நாட்டைவிட்டு எடுத்துப் போக வேண்டும். மாமா தனக்கென்று 100 வெள்ளி அல்லது அதற்கு மேல் வாங்கினால், விமான நிலையத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

உட்லண்ட்ஸ் தம்பி: முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கைப்பை. மலேசியாவில் இருக்கும் தள்ளுபடிக் கடைத்தொகுதி, ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பாலும் முந்தைய பருவத்துச் சரக்கும் அவுட்லெட்டுக்கென்றே செய்ததும்தான். இங்கே ஜூரோங்கில் உள்ள ஐஎம்எம் தள்ளுபடிக் கடைத்தொகுதியிலும் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரைதான் வரிவிலக்கு, அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி. வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மிச்சத் தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ரசீதைப் பத்திரமாக வைத்து, சுங்கத்துறையின் செயலியில் சோதனைச்சாவடிக்கு வரும் முன்பே கட்டிவிடுங்கள்.