மாத்திரையை நிறுத்தினால் சீழ் திரும்புவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் விபத்தில் கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் புண்ணில் சீழ் கசிகிறது. மாத்திரை சாப்பிட்டால் காய்கிறது, நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடியும் வருகிறது. சீழின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, அதே மருந்துக்கு ‘சென்சிடிவ்’ என்றுதான் இருக்கிறது. இன்னும் வீரியமான மருந்து வேண்டுமா?

பதில்: ரிப்போர்ட் தப்பில்லை. லேபில் வளர்த்துப் பார்த்த கிருமி அந்த மருந்துக்குச் சாகிறது. பிளேட்டில் ஒட்டியிருக்கும் அதே கிருமி சாகாததுதான் சிக்கல்.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பாசி வழுவழுவென்று படியுமே, அதுபோல உலோகத்தின் மேலும் செத்த எலும்பின் மேலும் கிருமிகள் ஒரு படலம் கட்டிக்கொள்ளும். இதை பயோஃபிலிம் என்கிறோம். அதன் அடியில் சத்தும் ஆக்சிஜனும் குறைவு. அங்கே பல கிருமிகள் பெருகாமல் முடங்கிக் கிடக்கும். பென்சிலின் வகை மருந்துகள், கிருமி வளர்ந்து தன் சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். சும்மா கிடப்பதை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

1944-இல் அயர்லாந்து மருத்துவர் ஜோசஃப் பிக்கர் இப்படிச் சும்மா கிடந்து தப்பும் கிருமிகளைப் பற்றி எழுதினார். பென்சிலினில் போட்ட ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளில் சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்று தப்பியது. தப்பியதை வளர்த்து மறுபடி பென்சிலின் கொடுத்தால், அதன் வாரிசுகள் பழையபடியே செத்தன. அதாவது அவை மருந்தை எதிர்க்கப் பழகியவை அல்ல, உறங்கியதால் பிழைத்தவை. வயலில் கோரையை மேலே அறுத்துவிட்டால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதல்லவா? அப்பா காலிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் மாத்திரையை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். எலும்பு உண்மையிலேயே கூடிவிட்டதென்றால், பிளேட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாமா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். புண் வாயில் பஞ்சால் எடுக்கும் சாம்பிளை நம்பி மருந்து முடிவு செய்வது சரியாக வராது. ஆபரேஷனின்போது ஆழத்திலிருந்து பல இடங்களில் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஆன்டிபயாடிக்கைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம் பெரும்பாலும் ஆறு வாரம் மருந்து. படலத்துக்குள் வேலை செய்யும் ரிஃபாம்பிசின் சில சமயம் சேர்க்கப்படும். அதைத் தனியாக மட்டும் சாப்பிடக் கூடாது, கிருமி சீக்கிரமே அதை எதிர்க்கப் பழகிவிடும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இந்தப் புண் ஆறுவது கடினம். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, கால் திடீரென வீங்கிச் சிவந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.