பூங்காவில் நடையும் பெஞ்சில் பேச்சும்: சர்க்கரை நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது?

கேள்வி: எனக்கு வயது 64. மயிலாப்பூரில் வசிக்கிறேன். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய மாத்திரைகளும் இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். பணி ஓய்வு பெற்றதிலிருந்து, விடிந்ததும் காலை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு லஸ் சர்ச் சாலை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போய் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு, அதன்பின் ஒரு மணி நேரம் நண்பர்களுடன் பெஞ்சில் பேசிக்கொண்டிருப்பேன். உட்கார்ந்து அரட்டை அடித்தால் நடந்த பலன் போய்விடும் என்கிறார் என் மனைவி. நண்பர்களோ செருப்பில்லாமல் நடக்க வேண்டும், எட்டுப் போட்டு நடக்க வேண்டும், வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் நடக்கும்போதே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நண்பர் ஒருவர் வெளியே போய் வாங்கி வந்த காபியைக் குடித்துச் சற்று நேரம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. பாதம் சில சமயம் மரத்துப்போனதுபோல் இருக்கிறது. பூங்காவுக்குப் போவதைத் தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடரலாம். ஆனால் நீங்கள் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் சொல்லிச் சென்ற அந்த வியர்வையும் நடுக்கமும்தான் உங்கள் கேள்விகளிலேயே முதன்மையானது என்பதால், அதிலிருந்து தொடங்குகிறேன்.

கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா, பட்டினியாக இருக்கிறீர்களா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. உள்ளே போனால் சர்க்கரையைக் குறைக்கும். அதனால்தான் அதைக் காலை உணவுடன் அல்லது உணவுக்குச் சற்று முன்பாகச் சாப்பிடச் சொல்கிறோம். முந்தைய இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டவர், விடிந்ததும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் ஒன்றுமில்லாமல் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால், மாத்திரை ஒரு பக்கமும் தசைகள் இன்னொரு பக்கமுமாக இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுதல் என்று நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் வரிசையாக வரும். நண்பர் வாங்கி வந்த காபி கடைக் காபி என்பதால் அதில் சர்க்கரை இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். உங்களைத் தேற்றியது உட்கார்ந்த ஓய்வு என்பதைவிட அந்தச் சர்க்கரை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே கிளிமிபிரைடைப் பூங்காவுக்குப் புறப்படும் முன் போட்டுக்கொள்ள வேண்டாம்; நடந்து முடித்த பிறகு காலை உணவின்போது சாப்பிடுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமா, வேறு மாத்திரைக்கு மாற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தாழ்சர்க்கரை அபூர்வம். புறப்படும் முன் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு ரொட்டித் துண்டோ சாப்பிட்ட பிறகே நடக்கச் செல்லுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் தூளோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து அதை வாயில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு சாப்பிட வேண்டும். சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் இந்த நேரத்துக்கு ஏற்றவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். உங்களுக்குச் சர்க்கரை நோய் என்பதும், மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பெஞ்சு நண்பர்களில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல், வெறும் வியர்வையும் தளர்ச்சியும் மூச்சிரைப்புமாக வருவதுண்டு. அன்று நடந்தது தாழ்சர்க்கரைதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் உறுதி கூற இயலாது. இந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து ஒரு இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எழுந்ததும் அழுத்தம் இறங்குவதாலும் கண் இருட்டலாம். அதுவரை வேக நடையைத் தள்ளி வைத்து, மெதுவாக நடந்தால் போதும்.

அடுத்தது வெறுங்கால். மரத்துப்போனதுபோல் இருக்கும் பாதத்தோடு செருப்பில்லாமல் நடப்பது, அது புல்தரையானாலும் சரி, சில பூங்காக்களில் அக்குபிரஷர் பாதை என்று கூழாங்கற்களைப் பதித்து வைத்திருக்கிறார்களே அதுவானாலும் சரி, உங்களுக்குக் கண்டிப்பாக ஆகாது. இப்படிப்பட்ட பாதையில் நடந்துவிட்டு வந்த ஒருவரின் பாதத்தைப் பரிசோதித்தபோது, பெருவிரலுக்குக் கீழே ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம் உடைந்து, காலுறை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்ததோ இருமலுக்கு மருந்து வாங்க. புண் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வலி தெரியாத பாதத்தில் முள் குத்தினாலும், காலை பத்து மணிக்குச் சுட்டுக் கிடக்கும் சிமெண்டுத் தளத்தில் கால் வெந்தாலும், நோயாளிக்குச் செய்தி வந்து சேர்வதில்லை. புண்ணில் சீழ் பிடித்து விரலை எடுக்க நேரும் கதைகளில் பல இப்படி ஒரு சிறு காயத்தில்தான் தொடங்குகின்றன. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதையும் செய்துகொள்ளுங்கள். விரல்களை நெருக்காத ஷூவும் பருத்திக் காலுறையும் அணியுங்கள். காலில் மாட்டும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, உங்கள் மனைவியைக் கொண்டோ பார்த்துக்கொள்வது நல்லது.

முழங்கால் வலிக்கு வருவோம். அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கிய பூங்காவில் நடந்துகொண்டு என்னிடம் மூட்டுவலிக்கு வழி கேட்டிருக்கிறீர்கள்! தைலம் தடவினால் சற்று நேரம் இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் மூட்டைத் தாங்குவது தொடையின் முன்புறத் தசை. அது வலுப்பட்டால்தான் வலி குறையும். நீங்கள் உட்காரும் அதே பெஞ்சிலேயே இதைச் செய்யலாம். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்திக் கீழே இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. பிறகு கைகளை ஊன்றாமல் பெஞ்சிலிருந்து எழுந்து உட்காருவதை ஐந்தாறு முறை செய்யுங்கள். முடியாவிட்டால் தொடக்கத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கால் மணி நேரமாகப் பிரித்து இடையில் உட்கார்ந்தாலும் பலன் குறையாது. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமான வேகம் என்றால், பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. நண்பருடன் பேசிக்கொண்டே நடந்தால் வேகத்தை அளக்க வேறு கருவி தேவையில்லை.

எட்டு நடையைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படும் பெருமைகளுக்கு ஈடான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நடப்பதால் கிடைக்கும் பலன் எட்டிலும் கிடைக்கும், நேர்ப்பாதையிலும் கிடைக்கும். குறுகிய வளைவில் திரும்பத் திரும்பச் சுற்றும்போது முழங்கால் முறுக்கப்படுவதால், வலி இருக்கும் வரை நீங்கள் அதைத் தவிர்த்துவிடலாம். பாகற்காய்ச் சாறு சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது என்பதே உங்கள் விஷயத்தில் அதை வேண்டாம் என்று சொல்லக் காரணம். வெறும் வயிறு, மாத்திரை, நடை என்ற மூன்றோடு நான்காவதாக அதுவும் சேர வேண்டாம். பாகற்காயைப் பொரியலாகச் சோற்றோடு சாப்பிடுங்கள்.

இனி, உங்கள் வீட்டு வழக்கு. நடந்து முடித்த பிறகு உட்கார்ந்து பேசுவதால் நடந்த பலன் எங்கும் போய்விடாது. சொல்லப்போனால், பூங்காவுக்குப் போனதில் பாதிப் பலன் அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மருந்துபோல எண்ணி நடப்பவர்கள் ஒரு மழைக்காலம் வந்ததும் நடையை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். நாலு பேரைப் பார்க்கவும் மரத்தடியில் உட்காரவும் ஆசைப்பட்டுப் போகிறவர்கள் மழை விட்ட மறுநாளே வந்து நிற்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு பேச ஆளில்லாமல் போவது உறக்கத்தையும் மனநிலையையும் இரத்த அழுத்தத்தையும் கெடுக்கக்கூடியது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வொன்றில், பூங்கா, தோப்பு, கடற்கரை போன்ற இடங்களில் வாரத்துக்கு 120 நிமிடங்களாவது செலவிட்டவர்கள், அப்படிச் செல்லாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது தெரியவந்தது. அந்த நேரத்தை ஒரே தடவையாகச் செலவிட்டார்களா, பிரித்துச் செலவிட்டார்களா என்பதால் வேறுபாடு ஏதும் இல்லை. உடல்நலம் உள்ளவர்களே பூங்காவுக்கு அதிகம் செல்கிறார்கள் என்றும் இதைப் பொருள் கொள்ள இடமுண்டு. ஆகவே இதைக் காட்டி உங்கள் மனைவியிடம் வாதாட வேண்டாம்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நடந்து முடித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வீடு வந்து, குளித்து, அதன்பின் சாப்பிட்டால் காலை உணவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும்; கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு அவ்வளவு நீண்ட பட்டினி கூடாது. இதற்கு அரட்டையைக் குறைக்க வேண்டியதில்லை. டப்பாவில் இரண்டு இட்லியோ, முந்தைய இரவு ஊறவைத்து வேகவைத்த சுண்டலோ எடுத்துச் சென்று பெஞ்சிலேயே சாப்பிடுங்கள். காலை மாத்திரையை அங்கேயே, அந்த உணவோடு சாப்பிட்டுவிடலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மரத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்துவிட்டு மீண்டும் உட்காருங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் அணிந்து செல்வது நல்லது. டெங்குவைப் பரப்பும் கொசு இரவில் அல்ல, காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும்.

இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தும். அதற்குப் பூங்காவரை போக வேண்டாம், மொட்டைமாடி போதும். அந்த நடைக்கு உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ஒரு வாரம் நடைக்கு முன்னும் பின்னும் பார்த்த சர்க்கரை அளவுகளைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது, மாத்திரையை மாற்றலாமா என்று அவர் முடிவு செய்வதற்கு மிகவும் உதவும். அந்தத் தாள் நிரம்பட்டும் என்று இசிஜி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அளவுகளைப் பிறகுகூடக் கொண்டுபோய்க் காட்டலாம்.