பொருள் பிடித்திருக்கிறது, பங்கையும் வாங்கலாமா?

கேள்வி: எட்டு வருடமாக ஒரே கம்பெனியின் ஷூதான் போடுகிறேன். இதுவரை வாங்கியது இரண்டே ஜோடி, அவ்வளவு உழைக்கிறது. இப்படிப்பட்ட கம்பெனியின் பங்கையும் நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் அனுபவம் அந்தப் பங்கைத் திரும்பிப் பார்க்க வைக்கும். வாங்குவதற்கு அது மட்டும் போதாது.

எட்டு வருடத்தில் இரண்டு ஜோடி என்பது உங்களுக்கு லாபம். பங்குதாரராகப் பார்த்தால், நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் உங்கள் காசு கம்பெனிக்குப் போகிறது. அதில் கையில் நின்றது எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதெல்லாம் ஆண்டறிக்கையைப் புரட்டினால்தான் தெரியும்.

1977 முதல் 1990 வரை மெகல்லன் என்ற அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டை நடத்திய பீட்டர் லிஞ்ச், தன் மனைவிக்குப் பிடித்துப்போன லெக்ஸ் காலுறையைப் பார்த்துத்தான் அதைத் தயாரித்த ஹேன்ஸ் கம்பெனியின் பங்குக்குப் போனார். பலர் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். போட்டிக்கு இன்னொரு காலுறை வந்ததும் அதையும் வாங்கி, அலுவலகத்தில் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வீட்டில் ஒருவருக்குப் பிடித்தது என்பதோடு அவர் விடவில்லை.

அப்புறம், பங்கின் விலை. 1999 கடைசியில் பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ்தான் ஓடியது. அப்போது மைக்ரோசாஃப்ட் பங்கை உச்ச விலைக்கு வாங்கியவர்கள், டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம்) நீங்கலாக, அந்த விலையை மறுபடி பார்க்க 2016 வரை காத்திருந்தார்கள். அத்தனை வருடமும் விண்டோஸ் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

சரி, வாடிக்கையாளருக்கு என்னதான் முன்கூட்டித் தெரியும்? விலையை ஏற்றியபோது முணுமுணுத்தபடியே வாங்கினீர்களா, வேறு ஷூவுக்கு மாறினீர்களா? ஏற்றியும் ஆள் போகவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய கம்பெனி. அதேபோல், அடுத்த ஜோடியில் ஒட்டு விடுகிறது, தையல் பிரிகிறது, மாற்றித் தரச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்றால், லாபக் கணக்கில் அது தெரிவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், பங்கை வாங்குவதைவிட, வாங்காமல் ஒதுங்குவதற்கு இந்த அனுபவம் அதிகம் உதவும். உங்களுக்கு மட்டும்தான் அப்படியா என்று இன்னும் நாலு பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். வீடியோ அழைப்பு ஜூம் என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஜூம் டெக்னாலஜிஸ் பங்கை வாங்கியவர்கள் உண்டு. இந்தக் குழப்பத்தால் 2020 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்தப் பங்கின் வர்த்தகத்தையே தற்காலிகமாக நிறுத்தியது. உங்கள் ஷூப் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தக் கம்பெனி சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.