அப்பாவின் கருவிழி ஓரம் மெலிகிறதாம், 'டெரியன்' என்கிறார் டாக்டர். பார்வை போய்விடுமா? வேலைக்குப் போகலாமா?

உங்கள் அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், கண்ணில் வலியோ சிவப்போ இல்லை, கண்ணாடி பவர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் பார்வை அடியோடு போகாது. ஆனால் அந்தக் கண்ணில் அடி மட்டும் படக்கூடாது.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலை பார்த்த என் அப்பாவுக்கும் இதேதான். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அவரோடு போய் வந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிந்த திரையை. அதன் நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், ஓரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்த நோயில் அந்த ஓரம், பெரும்பாலும் மேல் பக்கத்தில், பல வருஷமாக மெல்ல மெல்லக் கரைகிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் டெரியன் 1900இல் இதைத் தனி நோயாக விவரித்ததால் அவர் பெயரே நின்றுவிட்டது. ஏன் வருகிறது என்று இன்னும் தெளிவாகப் பிடிபடவில்லை. அப்பா ஏதோ தப்பாகச் சாப்பிட்டதால் வந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், பார்க்கிறவர்கள் இதை வயசான வளையம் என்று விட்டுவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் பலருக்குக் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாக ஒரு வளையம் இருக்குமே, அதில் கனம் குறையாது, பார்வையும் கெடாது. என் அப்பாவின் கண்ணைப் பார்த்த கண்ணாடிக் கடையிலும் "வயசாச்சு அங்கிள், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் சரிப்படவில்லை. மேல் ஓரம் மெலிந்தால் கருவிழியின் மேல்கீழ் வளைவு தட்டையாகிறது. ஒரு பக்கம் காற்று இறங்கிய பந்து மாதிரி. அதனால்தான் சிலிண்டர் பவர், அதாவது வளைவு சமமில்லாததைச் சரிக்கட்டக் கண்ணாடியில் சேர்க்கும் பவர், ஏறிக்கொண்டே போகிறது. வலியில்லாமல் சிலிண்டர் பவர் ஏறினால், அதைத்தான் முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்த பெரிய கருவியில் எனக்கும் காட்டினார்கள். மேல் ஓரத்தில் ஒரு பள்ளம். அதன் உள்விளிம்பில் மஞ்சள் கலந்த வெள்ளைக் கோடு, அது கொழுப்புப் படிவாம். பள்ளத்துக்குக் குறுக்கே மிக மெல்லிய ரத்தக் குழாய்கள். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது சாயம் எங்கும் ஒட்டவில்லை. மேல் தோல் முழுசாக இருக்கிறது, புண் இல்லை என்று அர்த்தம். சாயம் ஒட்டி, கண் சிவந்து வலித்தால் அது வேறு நோய், ஓரத்தில் வரும் புண்ணாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சையே வேறு.

இனி வேலை. இங்கேதான் நான் கறாராகப் பேசுவேன். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து மட்டை வெட்டும் வேலை இந்தக் கண்ணுக்கு ஆகாது. மெலிந்த இடம் சின்ன அடிக்கும் கிழிந்துவிடலாம். மண்டோரிடம் (வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம்) பேசி நாற்றுமேடை மாதிரி கீழே பார்த்துச் செய்யும் வேலைக்கு மாற்றச் சொல்லுங்கள், டாக்டரிடம் கடிதம் கேட்டால் பேச்சு சுலபமாகும். மாற்ற முடியாத நாளில் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வியர்வையில் மங்குகிறது என்று அப்பாக்கள் கழற்றிவிடுவார்கள், விடாதீர்கள். வேலையில் மட்டை விழுந்து கண்ணில் பட்டால் அதை வேலையிட விபத்தாக அன்றைக்கே எழுதிவையுங்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தேவைப்படும்.

கண்ணைக் கசக்கக் கூடாது. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டு தானாக வாங்கிப் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம்.

ஆபரேஷன் உடனே தேவைப்படாது. முதலில் கண்ணாடி, அது போதாமல் போனால் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ். ரொம்ப மெலிந்து கிழியும் நிலை வந்தால், தானமாக வந்த கருவிழியிலிருந்து பிறை வடிவில் ஒரு துண்டு எடுத்து ஓரத்தில் ஒட்டுப் போடுவார்கள்.

திடீரென்று கண்ணிலிருந்து சூடாக நீர் கொட்டி, பார்வை மங்கி, கண்மணி ஒரு பக்கம் இழுத்த மாதிரி தெரிந்தால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கிண்ணத்தை மேலே கவிழ்த்து ஒட்டி நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இது இரண்டு கண்ணிலும் வரக்கூடியது, ஒன்றில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும். அடுத்த அப்பாய்ன்மெண்ட்டில் நல்ல கண்ணையும் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகள் வீட்டில் கிடந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்; எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று டாக்டர் அதில்தான் கணக்குப் பார்ப்பார்.